ஏழு மணி பத்து நிமிடம்

2023 ஜூன் மாத நடுவில் புனே வானொலி நிலையத்துக்கு ஓர் உத்தரவு வந்தது. நிலையத்தின் வட்டாரச் செய்திப் பிரிவு மூடப்படும், அது தயாரித்து வந்த மராத்திச் செய்தியறிக்கைகள் இனி சத்ரபதி சம்பாஜிநகரிலிருந்து ஒலிபரப்பாகும் என்றது அந்த உத்தரவு. பிரிவை நடத்த இந்தியத் தகவல் பணி அதிகாரிகள் போதவில்லை என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. சம்பாஜிநகர் இருப்பது இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால். அங்கே உட்கார்ந்து புனேயின் செய்தியை எழுதி, புனேக்காரர்களுக்கே வாசிக்கப் போகிறார்களாம்.

ஊர் சும்மா இருக்கவில்லை. காலை 7.10 செய்தியைக் கேட்டு வளர்ந்தவர்கள், கட்சி பேதம் பார்க்காத அரசியல்வாதிகள், பத்திரிகைக்காரர்கள் எல்லாரும் குரல் கொடுத்தார்கள். புனேயைச் சேர்ந்தவரும் தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சராக முன்பு இருந்தவருமான பிரகாஷ் ஜாவடேகர், அப்போதைய அமைச்சர் அனுராக் தாக்கூரிடம் பேசினார். சில நாள்களுக்குள் முடிவு கைவிடப்பட்டது. தொலைக்காட்சியும் கைப்பேசியும் வந்து வானொலி முடிந்துவிட்டது என்று இருபது ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருக்கும் நாட்டில், பத்து நிமிடச் செய்தியறிக்கை ஒன்றுக்காக ஒரு மாநகரம் கொந்தளித்தது. எனக்கு இது ஆச்சரியமாக இல்லை. ஏழு பத்துச் செய்தி முடிவதற்குள் சாப்பாட்டு டப்பா கட்டி முடித்துவிட வேண்டும் என்று கணக்கு வைத்து அடுப்படியில் நிற்கும் வீடுகளை இந்த ஊரில் எனக்குத் தெரியும்.

அந்தப் பிடிப்பு எங்கிருந்து வந்தது என்று பார்க்க, எழுபது ஆண்டு பின்னால் போக வேண்டும்.

மும்பையில் 1927-இலேயே ஒலிபரப்பு தொடங்கிவிட்டது. சென்னை நிலையம் 1938, திருச்சி 1939. புனேயின் முறை வர 1953 அக்டோபர் 2 ஆயிற்று. அதே ஆண்டில்தான் பீம்சேன் ஜோஷி தம் குரு சவாய் கந்தர்வரின் நினைவாக இசைவிழா ஒன்றை இங்கே தொடங்கினார். ஊர் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்த காலம் அது.

அன்று வானொலி கேட்பதற்கு முன்தயாரிப்பு தேவைப்பட்டது. பெட்டி வைத்திருப்பவர் அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் லைசென்ஸ் கட்டணம் செலுத்த வேண்டும். என்ன நிகழ்ச்சி எப்போது வரும் என்று தெரிந்துகொள்ள, அகில இந்திய வானொலியே இதழ்கள் நடத்தியது. ஆங்கிலத்தில் ‘இந்தியன் லிசனர்’, தமிழில் ‘வானொலி’, வங்காளியில் ‘பேதார் ஜகத்’, தெலுங்கில் ‘வாணி’. எந்த நாள், எத்தனை மணி, எந்த நிலையம், யார் பாடுகிறார், யார் பேசுகிறார் என்ற விவரம் முன்கூட்டியே அச்சில் கைக்கு வந்துவிடும். ஒரு கச்சேரிக்கு நாள் பார்த்துக் காத்திருந்து, அந்த அரைமணி நேரத்துக்கு வீட்டை அமைதியாக்கிக் கேட்ட தலைமுறை அது. தவறவிட்டால் போனது போனதுதான்.

அப்படிக் காத்திருக்க வைத்ததில் புனே நிலையத்தை மிஞ்ச இன்னொன்று பிறக்கவில்லை என்றே சொல்வேன். 1955 ஏப்ரல் 1, வெள்ளிக்கிழமை, ராமநவமி, காலை 8.45. கீத ராமாயணத்தின் முதல் பாட்டு ஒலித்தது. எழுதியவர், மராட்டியர் ‘கதிமா’ என்று அன்போடு அழைக்கும் க. தி. மாட்கூள்கர். இசை சுதீர் பட்கே. இருவரிடமும் பேசி இசைய வைத்து, விடாமல் வேலை வாங்கியவர் நிலையத்தில் நிகழ்ச்சிப் பொறுப்பில் இருந்த சீதாகாந்த் லாட். வாரம் ஒரு பாட்டு. வெள்ளியன்று புதிது, சனியும் ஞாயிறும் அதே பாட்டு மறுபடியும். ஓராண்டுக்கு 52 பாட்டு என்பது திட்டம். அந்த ஆண்டுப் பஞ்சாங்கத்தில் ‘அதிக மாதம்’ எனப்படும் கூடுதல் மாதம் ஒன்று குறுக்கிட்டதால் 56 பாட்டாக வளர்ந்து, 1956 ஏப்ரல் 19, அடுத்த ராமநவமியன்று நிறைவடைந்தது.

முதல் பாட்டின் பிரதி தொலைந்துபோன கதையைப் புனேயில் இன்றும் சொல்வார்கள். கவிஞர் எழுதிக் கொடுத்த தாள் இசையமைப்பாளரிடம் காணாமல் போய்விட்டது. ஒலிபரப்போ நெருங்கிவிட்டது. லாட் கவிஞரை ஓர் அறைக்குள் அனுப்பிக் கதவை வெளியே தாழிட்டாராம். கொஞ்ச நேரத்தில் கதிமா முழுப் பாட்டையும் மறுபடி எழுதிக்கொண்டு வெளியே வந்தாராம். வாரந்தோறும் இப்படித்தான் ஓட்டம். கதிமா மும்பை சாலையில் வாக்டேவாடியில் இருந்த தம் ‘பஞ்சவடி’ வீட்டில் எழுதுவார். பட்கே ராகம் கூட்டுவார். லதா மங்கேஷ்கர், மாணிக் வர்மா, வசந்த்ராவ் தேஷ்பாண்டே போன்றவர்கள் வந்து பாடுவார்கள். வெள்ளிக்கிழமை காலையில் தெருத்தெருவாக அந்தப் பாட்டு கேட்கும். குளித்து முடித்து, ரேடியோப் பெட்டிக்கு மாலை போட்டு, ஊதுவத்தி ஏற்றி உட்கார்ந்தவர்கள் உண்டு. நாளிதழ்கள் பாட்டின் வரிகளை அச்சிட்டன. அடுத்த வாரம் சீதை என்ன சொல்லப் போகிறாள், குகன் என்ன சொல்லப் போகிறான் என்று ஏழு நாள் பேச்சு நடக்கும். கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் காத்திருந்தார்கள்.

கீத ராமாயணம் முடியும் தறுவாயில் அதே நிலையம் இன்னொரு காரியத்தையும் நடத்திக்கொண்டிருந்தது. தமிழ்நாட்டில் இதை அறிந்தவர்கள் குறைவு. 1956 பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, புனே, அகமத்நகர், நாசிக், வடக்கு சாத்தாரா, கோலாப்பூர் ஆகிய ஐந்து மாவட்டங்களில் ஏறக்குறைய 150 ஊர்களில் வானொலி உழவர் மன்றங்கள் அமைக்கப்பட்டன. கனடாவில் 1941-இல் தொடங்கிய முறை அது. யுனெஸ்கோ ஆதரவோடு இந்தியாவில் முதன்முதலாகப் பரிசோதித்தது இங்கேதான். கேள், பேசு, செய் என்பது அதன் முழக்கம்.

நடைமுறை இப்படி. வாரம் இரண்டு நாள் மாலையில் ஊராரில் பதினைந்து இருபது பேர் ஒரு பொது இடத்தில் ரேடியோ முன் கூடுவார்கள். அரைமணி நேர நிகழ்ச்சி. முடிந்ததும் பெட்டியை அணைத்துவிட்டுப் பேச வேண்டும். அமைப்பாளர் குறிப்பெடுப்பார். தீராத சந்தேகங்கள் கேள்வியாகப் புனே நிலையத்துக்குப் போகும். அடுத்தடுத்த ஒலிபரப்புகளில் பதில் வரும். பத்து வாரம், இருபது நிகழ்ச்சி. விளைவை அளந்தவர் பால் நியூரத் என்ற சமூகவியலர். ஆஸ்திரியாவில் பிறந்து, நாஜிகளின் டாக்காவ், பூக்கன்வால்ட் முகாம்களில் அடைபட்டு, உயிர் தப்பி அமெரிக்கா சேர்ந்தவர். அப்போது மும்பை டாடா சமூக அறிவியல் நிறுவனத்தில் இருந்தார். மன்றம் உள்ள ஊர்களையும் இல்லாத ஊர்களையும் ஒப்பிட்டு அவர் கண்டது: மன்றம் அமைந்த ஊர்களில் மக்களின் அறிவு கணிசமாகக் கூடியிருந்தது. அதைவிட முக்கியமாக, கேட்டவர்கள் காரியத்தில் இறங்கியிருந்தார்கள். கிணறு வெட்டினார்கள், நல்ல இனக் காளைகளும் லெகார்ன் கோழிகளும் வாங்கினார்கள், பால்வாடி தொடங்கினார்கள். வானொலியின் அப்போதைய தலைமை இயக்குநர் ஜே. சி. மாத்தூரும் நியூரத்தும் எழுதிய அறிக்கையை யுனெஸ்கோ 1959-இல் வெளியிட்டது. அதே ஆண்டு உழவர் மன்றங்கள் நாடு முழுக்க விரிந்தன.

அதன் பின்வந்த பயனைத் தஞ்சாவூரில் பார்த்தோம். 1960-களில் ஆடுதுறை 27 என்ற குறுகிய கால நெல்லைத் திருச்சி வானொலியின் பண்ணை நிகழ்ச்சிகள் எடுத்துச் சொல்ல, டெல்டா உழவர்கள் அதற்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். கடையில் போய் ரேடியோ நெல் விதை இருக்கா என்று கேட்டு வாங்கியவர்கள் உண்டு.

அன்றைய நிலையத்தில் யார் யார் வேலை பார்த்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். கதிமாவின் தம்பி வெங்கடேஷ் மாட்கூள்கர் புனே நிலையத்தின் கிராம நிகழ்ச்சிப் பிரிவில் பல்லாண்டு பணியாற்றினார். ‘பங்கர்வாடி’ எழுதிய அதே வெங்கடேஷ்தான். ஆடு மேய்க்கும் தங்கர்களின் வாழ்க்கையை நாவலாக்கிய கை, உழவனுக்கு வானொலி நாடகமும் எழுதியது. நம் பக்கத்தில் தி. ஜானகிராமன் சென்னை நிலையத்தில் கல்வி ஒலிபரப்பில் இருந்தார், பிறகு தில்லி போனார். மொழியின் முதல்தர எழுத்தாளரை மாதச் சம்பளத்தில் உட்கார வைத்து, ஊருக்குப் பேசச் சொன்ன நிறுவனம் அது. இன்று பல நிலையங்களில் நிரந்தரப் பணியிடங்கள் காலியாகக் கிடக்கின்றன. மாதத்தில் சில நாள் வாய்ப்புக்கு அழைக்கப்படும் தற்காலிக அறிவிப்பாளர்களும் செய்தி வாசிப்பாளர்களும் பாரத்தைச் சுமக்கிறார்கள். எழுபது ஆண்டு மாற்றத்தில் என்னை அதிகம் வருத்துவது இதுதான். கருவி மாறினால் மாறட்டும். ஊரறிந்த ஆள் போய்விட்டால், அந்த இடத்தை நிரப்ப எந்தக் கருவியாலும் ஆகாது.

நடுவில் வந்தவை பலருக்கும் தெரிந்தவை. 1972 அக்டோபர் 2-இல் மும்பைத் தொலைக்காட்சி, அடுத்த ஆண்டே புனேக்கு அதன் அஞ்சல் ஒளிபரப்பு. சிங்ககட் கோட்டை மலையில் கோபுரம். 1980-களின் நடுவில் ரேடியோ லைசென்ஸ் ஒழிந்தது. 1997-இல் பிரசார் பாரதி. புதிய நூற்றாண்டின் தொடக்கத்தில் தனியார் பண்பலை. 2005-இல் புனே பல்கலைக்கழகம் ‘வித்யாவாணி’ என்ற சமூக வானொலியைத் தொடங்கியது. அதற்கு முந்தைய ஆண்டுதான் சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம். வந்திருந்தது. அச்சு இதழ்கள் ஒவ்வொன்றாக நின்றுபோயின. முன்கூட்டியே அறிவித்து, காத்திருக்க வைக்கும் பழக்கமும் அவற்றோடு போயிற்று.

புனேத் தமிழருக்கு வேறு ஓர் ஏற்பாடும் இருந்தது. ராஸ்தா பேட்டையிலும் கட்கியிலும் தேகு ரோட்டிலும் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக இருக்கின்றன. வெடிமருந்துத் தொழிற்சாலை, ரயில்வே, கன்டோன்மென்ட் அலுவலகங்கள் என்று வேலைக்கு வந்து தங்கியவர்கள். மராத்திச் செய்தியைக் கேட்டு ஊர் நிலவரம் தெரிந்துகொள்வார்கள். தமிழுக்கு, சிற்றலையில் முள்ளைத் திருகித் தில்லியைப் பிடிப்பார்கள். காலை 7.15-க்கு ‘ஆகாஷ்வாணி, செய்திகள், வாசிப்பது சரோஜ் நாராயண்சுவாமி’ என்ற குரல் இரைச்சலுக்கு நடுவே வரும். அந்தச் ‘சரோஜ்’ அழுத்தத்தைக் கேட்டாலே முதுகு நிமிரும். மும்பையில் பிறந்து வளர்ந்தவர் அவர். தமிழ்நாட்டுக்கு வெளியே வளர்ந்து அப்படித் தமிழ் பேச முடியும் என்பது, இங்கே பிள்ளை வளர்த்தவர்களுக்குப் பெரிய தைரியம். ‘பாரு, அந்த அம்மா பம்பாய்லதான் வளர்ந்தாங்க’ என்று சொல்லிச் சொல்லியே எழுத்துக் கூட்ட வைத்த தாய்மார்கள் இருந்தார்கள். 2022 ஆகஸ்டில் அவர் மும்பையில் காலமானார். தில்லியிலிருந்து வந்த அந்தத் தமிழ்ச் செய்தி பின்னாளில் சென்னைக்கு இடம்பெயர்ந்தது.

புனேக்கும் அப்படி ஒரு குரல் இருந்தது. சுதா நரவணே. மராத்திச் செய்தி வாசிப்பில் வீடுதோறும் தெரிந்த பெயர். அவருடைய மகன் மனோஜ் முகுந்த் நரவணே 2019 டிசம்பர் கடைசி நாளில் இந்தியத் தரைப்படையின் தலைமைத் தளபதியானபோது, புனேயின் பெரியவர்கள் பலர் ‘நம்ம சுதா தாயின் (சுதா அக்காவின்) பையன்’ என்றுதான் சொன்னார்கள். தாய் செய்தி வாசித்து இருபது முப்பது ஆண்டு ஆனபிறகும் பெயர் நிற்கிறது.

இன்றைக்குச் சிற்றலையைத் திருக வேண்டாம். பிரசார் பாரதியின் ‘நியூஸ் ஆன் ஏர்’ செயலியில் கொடைக்கானலும் கேட்கலாம், திருச்சியும் கேட்கலாம், புனேயும் கேட்கலாம். இந்தச் செயலியை எந்த ஊரில் அதிகம் கேட்கிறார்கள் என்று 2021-இல் பிரசார் பாரதி அடுத்தடுத்துப் பட்டியல்கள் வெளியிட்டது. பெங்களூரும் மும்பையும் தில்லியும் சென்னையும் இருந்த அந்தப் பட்டியலில் பலமுறை முதலிடத்தில் இருந்தது புனே. அதிகம் கேட்கப்பட்ட நிலையங்களின் வரிசையிலும் புனே நிலையம் இடம்பிடித்தது. 792 கிலோஹெர்ட்ஸ் மத்திய அலையில் வானொலி கேட்ட அப்பாவின் பிள்ளைகள், ஹிஞ்சவாடி ஐ.டி. கம்பெனிப் பேருந்தில் காதில் கருவியைச் செருகிக்கொண்டு அதே நிலையத்தைக் கேட்கிறார்கள். வெளிநாட்டில் இருந்தும் கேட்கிறார்கள். இந்த ஒரு விஷயத்தில் இன்று அன்றைவிட மேல் என்று தயங்காமல் சொல்வேன். தவறவிட்டால் போனது போனதுதான் என்ற ஏக்கம் குறைந்திருக்கிறது.

நாட்டிலேயே அதிகம் கேட்கும் ஊர் என்று அரசே அறிவித்த நகரத்தின் செய்திப் பிரிவைத்தான் இரண்டே ஆண்டில் மூடப் பார்த்தார்கள்.

இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. அதைப் பலர் கவனிப்பதில்லை. இந்தியாவில் தனியார் பண்பலை நிலையங்கள் சொந்தமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்ப அனுமதி கிடையாது. சமூக வானொலிக்கும் இல்லை. வேண்டுமானால் அகில இந்திய வானொலியின் செய்தியை அப்படியே அஞ்சல் செய்யலாம். 2019-இல் அதை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கினார்கள். புனேயில் எத்தனை பண்பலை பாடினாலும், செய்தி என்று வானொலியில் ஒலிக்கக் கூடியது அரசு வானொலியின் செய்தி ஒன்றுதான். சிவாஜிநகரில் இருக்கும் புனே நிலையத்தின் செய்தி மேசை மூடப்பட்டால், எழுபது லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் பெருநகரப் பகுதியிலிருந்து வானொலிச் செய்தி ஒன்றுகூடப் பிறக்காது. தமிழ்நாட்டுக்கு இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நமக்கும் சென்னையை விட்டால் திருச்சி என்றுதான் வட்டாரச் செய்தி நிற்கிறது. அங்கே ஓர் அதிகாரி ஓய்வு பெற்று அடுத்தவர் வரத் தாமதமானால், இதே போன்ற உத்தரவு அங்கும் வரலாம்.

செய்தி எங்கே எழுதப்பட்டால் என்ன, வாசிப்பது மராத்திதானே என்று கேட்பவர்களுக்கு ஒரு நாளை நினைவூட்டுகிறேன். 2024 ஜூலை 25. இரவெல்லாம் பேய்மழை. கடக்வாஸ்லா அணையிலிருந்து முட்டா ஆற்றில் விநாடிக்கு ஏறக்குறைய 35,000 கன அடி தண்ணீர் திறந்துவிட்டார்கள். சிங்ககட் சாலையில் ஏக்தா நகரியில் விடியற்காலையில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. படகில் ஆட்களை மீட்டார்கள். முன்னறிவிப்பு எங்களுக்கு வந்து சேரவில்லை என்று அங்கே இருந்தவர்கள் குமுறினார்கள். இந்த ஊருக்கு இது புதிதில்லை. 1961 ஜூலை 12-இல் பான்ஷேத் அணை உடைந்து, கடக்வாஸ்லாவும் உடைந்து, பழைய புனேயே வெள்ளத்தில் மூழ்கிய நினைவு இன்னும் அழியவில்லை.

மழைக்காலத்தில் ஒவ்வொரு நாளும் புனேக்காரர்களுக்குத் தெரிய வேண்டிய விஷயம் மூன்று. அணையில் எவ்வளவு இருக்கிறது, எத்தனை மணிக்கு எவ்வளவு திறக்கப் போகிறார்கள், முட்டாவின் மேல் தாழ்வாகக் கிடக்கும் பிடே பாலம் மூழ்குமா. முட்டாவின் கரையை நடந்து பார்த்தவருக்குத்தான் 20,000 கன அடிக்கும் 35,000 கன அடிக்கும் நடுவில் எந்தெந்தத் தெரு போகும் என்று தெரியும். அவர் புனேயில் இருக்க வேண்டும், பாசனத் துறைக்கும் மாநகராட்சிக்கும் அவரே போன் போட வேண்டும். மின்சாரம் போய், கைப்பேசிக் கோபுரம் செயலிழந்த வீட்டில் மிஞ்சுவது பேட்டரி போட்ட ரேடியோ.

உத்தரவு கைவிடப்பட்டதோடு வேலை முடிந்துவிடவில்லை. செய்திப் பிரிவுக்கு நிரந்தர அதிகாரியும் ஒப்பந்தத் தொல்லை இல்லாத செய்தியாளர்களும் வேண்டும். பழைய ‘இந்தியன் லிசனர்’ போல வரப்போகும் வாரத்தின் நிகழ்ச்சிகளை முன்கூட்டியே எல்லாருக்கும் சொல்லும் வழக்கம் மறுபடி வேண்டும். இன்று அதற்கு அச்சுக்கூலிகூட ஆகாது. ஜூனில் மழை தொடங்கும் நாளிலிருந்து, அணைத் தண்ணீர் விவரத்துக்கு என்று தனி நேரம் ஒதுக்கி, காலை 7.10 செய்தியை ஒட்டியும் மாலையிலும் நாள் தவறாமல் சொல்ல வேண்டும். 1956-இல் 150 ஊர்களின் கேள்விகளை வாங்கிப் பதில் சொன்ன நிலையம் இது. ஆற்றங்கரையில் இருக்கும் குடியிருப்புகளின் கேள்விகளை வாங்கிப் பதில் சொல்ல அதனால் முடியும்.